தேர் தூக்க மட்டுமா பிள்ளைகள்?

திருவிழா வந்தால் பத்து நாளும் எனக்குத் தோள்வலிதான். கொடிமரத்துக்குப் பெயின்ட் அடிப்பது, சீரியல் லைட் கட்டுவது, நவநாள் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைப்பது, கடைசி நாள் மாதா தேரைத் தூக்குவது எல்லாம் எங்கள் வேலை. நான் வளர்ந்தது வடசென்னையில், கடலோரப் பங்கு ஒன்றில். பங்கு என்றால் தெரியாதவர்களுக்கு: ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு பங்கு. அந்தப் பங்கின் இளைஞர் குழுவில் நானும் இருந்தேன். இருந்தேன் என்பதைவிடத் தூக்கினேன் என்று சொல்வது சரியாக இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அப்பாவுக்கு வேலை போயிற்று. நான் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எட்டு மாதம் கோயில் பக்கமே தலைகாட்டவில்லை. அந்த எட்டு மாதத்தில் குழுவிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு சேதி. 'தேருக்கு ஆள் பத்தலை, வர்றியா?'

ஒருநாள் ராத்திரி, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் பன் பொட்டலம். உள்ளே வாருங்கள் என்றதற்கு வேண்டாம் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஏன் பூசைக்கு வரவில்லை என்று கேட்கவே இல்லை. வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது வாரம் வந்தபோது சட்டைப்பையில் தபால்வழிக் கல்விக்கான விண்ணப்பம் மடித்து வைத்திருந்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 'இளைஞர் பணி' என்று ஒன்று உண்டு. அதற்கு ஆயர் பேரவையில் தனி ஆணைக்குழு, மறைமாவட்டந்தோறும் ஒரு இயக்குநர், பங்குதோறும் ஒரு குழு எல்லாம் இருக்கின்றன. அது எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எனக்கு அந்த இரண்டு காட்சிகள்தான் நினைவுக்கு வரும். தேருக்கு ஆள் கேட்ட சேதி ஒன்று, பன் பொட்டலம் இன்னொன்று.

மீஞ்சூரிலிருந்து கிழக்கே

பழவேற்காட்டுக்குப் போய்வந்தபோது அந்தப் பழைய நினைவு மறுபடியும் வந்தது. காரணம் வழியிலேயே இருந்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில் மீஞ்சூரில் இறங்கிப் பாருங்கள். வட காஞ்சி என்று பெயர் பெற்ற கோயில் ஊர் இது. ஆனால் காலையில் ஸ்டேஷனிலிருந்து வெளியே வரும் பையன்களின் கழுத்தில் தொங்குவது ஒப்பந்தத் தொழிலாளி அடையாள அட்டை. கிழக்கே வல்லூர் அனல்மின் நிலையம், அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க 2010-ல் தொடங்கிய ஆலை. இத்தனையும் எழுந்த கரையில்தான் தலைமுறை தலைமுறையாக வலை போட்டவர்களின் குப்பங்கள் இருக்கின்றன.

இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நம் பக்கம் இருப்பது தெற்கு ஓரம்தான். போர்ச்சுகீசியர் வந்தார்கள், பிறகு டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை இடிந்து புதராகிவிட்டது. செதுக்கிய கல்லறைகள் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதன் தொடக்கத்தை 1515 என்று சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி ஐந்நூறு வயது தாண்டிவிட்டது. சென்னை–மயிலை உயர் மறைமாவட்டத்தின் மிகப் பழைய ஆலயங்களில் அதுவும் ஒன்று.

இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன், இறால் கிடைக்கும் இடங்களை யார், எந்த நாள், எந்த இடத்தில் பயன்படுத்துவது என்பதை ஊர்கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் பாடு முறைக்குப் பேர்போனவை. கடைசி ஊரின் பெயரிலேயே மாதா இருக்கிறார். கும்பிடும் சாமி வேறாக இருந்தாலும் ஏரியில் அவரவர் முறை அவரவருக்கு. ஊரை விட்டு வெகுதூரம் போனவனும் 'நம்ம பாடு எப்போ' என்று கேட்கிற வழக்கம் இந்தக் கரைக்கு உரியது.

ஆனால் இருபது வயதுப் பையனுக்குப் பாடு மட்டும் போதவில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்கிறது. அப்போது படகு கடலுக்குப் போக முடியாது, கடல் மீனும் ஏரிக்குள் வராது. எதிரே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது. உலகமே டிவியில் பார்க்கிற ராக்கெட்டை இவர்கள் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம், அந்த நாள் வருமானத்தைக் கையில் பார்க்க முடியாது. வலையை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ போனால் மாதச் சம்பளம் வரும், ஆனால் வேலை காண்ட்ராக்ட். பெண் பிள்ளைகள் பொன்னேரிக்குப் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். படித்து முடித்தபின் என்ன என்று கேட்டால், வீட்டில் கல்யாணப் பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு 'இளைஞர் கூட்டம்' என்று நோட்டீஸ் ஒட்டினால் யார் வருவார்கள்? ராத்திரி வலைக்குப் போனவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஷிப்ட்டில் இருப்பவன் வேலையில் இருப்பான். வருபவர்கள் பள்ளிப் பிள்ளைகளும், எங்கும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவர்களும்தான். பிறகு சாமியார் பிரசங்கத்தில் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது' என்று வருத்தப்படுவார். கூட்டத்தின் நேரத்தை மாற்றிப் பார்த்த பிறகு வருத்தப்பட்டால் நன்றாக இருக்கும்.

விசிலடிக்கத் தெரியுமா?

இந்தப் பிரச்சினை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதில்லை. புதியதும் இல்லை. 1841 டிசம்பர் 8, இத்தாலியின் தூரின் நகரம். மாதா திருநாள். கட்டட வேலைக்கு நகரத்துக்கு வந்த பதினாறு வயது அநாதைப் பையன் ஒருவன் கோயிலின் உள்ளறைக்குள் எட்டிப் பார்க்கிறான். பூசைக்கு உதவி செய்ய அழைத்த கோயில்பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றதும் அடித்து விரட்டுகிறார். உள்ளே இருந்த இளம் குரு அவனைத் திரும்பக் கூப்பிடச் சொல்கிறார். எழுதத் தெரியுமா? தெரியாது. படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? அதுவும் தெரியாது. விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிடுகிறான். அந்தக் குருதான் ஜான் போஸ்கோ. டான் போஸ்கோ என்று பள்ளிப் பெயர்ப்பலகைகளில் நாம் பார்க்கிறவர்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் விசிலோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து வருவது. தன்னிடம் வந்த பையன்கள் தொழில் பழகப் போன பட்டறைகளில் அடியும் உதையும் வாங்குவதைப் பார்த்தார் போஸ்கோ. 1850-களின் தொடக்கத்தில் பட்டறை முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போட ஆரம்பித்தார். பையனைத் தொழிலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது. திருத்துவதானால் வாயால் திருத்த வேண்டும், கையால் அல்ல. திருநாட்களில் விடுமுறை தர வேண்டும். இவற்றை வைத்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார். செபம் சொல்லிக்கொடுத்த அதே ஆள்தான் சம்பளப் பேச்சிலும் உட்கார்ந்தார். இரண்டும் அவருக்கு ஒரே வேலை.

அவருடைய சலேசிய சபைக் குருக்கள் 1906-ல் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். இந்தியாவில் அவர்களுடைய முதல் வேர் அதுதான். பிற்பாடு வியாசர்பாடியில் ஓர்ஃபியோ மாந்தோவானி என்ற இத்தாலியச் சாமியார் ஏழைகளுக்காகத் தொடங்கிய 'பீட்டிட்யூட்ஸ்' வடசென்னைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொருவர் ஜோசப் கார்டைன். 1882-ல் பெல்ஜியத்தில், உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். குருமடத்தில் சேர்ந்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, கூடப் படித்த நண்பர்கள் எல்லாரும் ஆலைக்குப் போயிருந்தார்கள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோயில் முதலாளி பக்கம், நீ எங்கள் பக்கம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. அப்பா உழைத்து ஓய்ந்து 1903-ல் இறந்தபோது, அந்தப் படுக்கையருகே கார்டைன் ஒரு முடிவெடுத்தார்: இனி என் வாழ்க்கை ஆலைப் பிள்ளைகளுக்கு. 1925-ல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறைப்படி பிறந்தது. உலகமெங்கும் பரவியது, நம் ஊருக்கும் வந்தது. அவரை 1965-ல் கர்தினால் ஆக்கினார்கள்.

கார்டைன் தந்த வழி மூன்று சொற்கள்: பார், சீர்தூக்கு, செயல்படு. 1961-ல் திருத்தந்தை 23-ஆம் ஜான் தன் சுற்றுமடலிலேயே இந்த முறையைப் பரிந்துரைத்தார். இன்றைக்கும் பல பங்குகளின் இளைஞர் குழு அறையில் இந்த மூன்று சொற்களும் சுவரில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் சுவரோடு நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

சுவரிலிருந்து இறங்கினால்

பழவேற்காட்டுக் கரையில் ஒரு குழு இதை உண்மையாகவே செய்வதாக வைத்துக்கொள்வோம். எப்படி இருக்கும்?

முதல் கூட்டத்தில் பிரசங்கம் கிடையாது. 'நம்மில் எத்தனை பேர் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறோம்?' என்று ஒரு கேள்வி. கை தூக்குகிறார்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா? பிடிக்கிறார்கள் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அந்தப் பணம் கணக்கில் ஏறுகிறதா? யாருக்கும் தெரியாது. யு.ஏ.என். என்று பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இருக்கிறது, அதை வைத்து போனிலேயே பார்க்கலாம் என்று ஒருவன் சொல்லித் தருகிறான். அங்கேயே நான்கு பேர் பார்க்கிறார்கள். ஒருவன் முகம் மாறுகிறது. இதுதான் 'பார்'.

அடுத்த கூட்டம், சீர்தூக்குவது. கூலியாளின் கூலியைப் பிடித்து வைப்பது பற்றி விவிலியத்தில் கடுமையான பகுதிகள் உண்டு. யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் அறுவடைக் கூலியாட்களின் கூக்குரல் ஆண்டவரின் காதுக்கு எட்டுகிறது. அதை வாசிக்கிறார்கள். அதோடு சட்டத்தையும் வாசிக்கிறார்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்பது நம் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. இது தெரிந்த பையனும் தெரியாத பையனும் மேஸ்திரி முன்னால் ஒரே மாதிரி நிற்க மாட்டார்கள்.

மூன்றாவது, செயல்படுவது. கொடி பிடிப்பதாக இருக்க வேண்டியதில்லை. கணக்கு ஏறாத பையனோடு இரண்டு பேர் பி.எஃப். அலுவலகத்துக்குத் துணைக்குப் போவது. அவ்வளவுதான். அடுத்த மாதம் பெண் பிள்ளைகள் தங்கள் விஷயத்தை எடுப்பார்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இருக்கின்றன. யாருக்கு இன்னும் வரவில்லை, எந்தக் காகிதம் குறைகிறது? பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருக்கிறார்கள்?

'இதெல்லாம் சங்கத்து வேலை, கோயில் வேலையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. செபம் இல்லாமல் இதை மட்டும் செய்தால் இன்னொரு சங்கம்தான். ஆனால் செபத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பையனின் பதினெட்டு மணி நேர வாழ்க்கையைத் தொடாமல் விட்டால், அவனுக்குக் கடவுள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற விருந்தாளி ஆகிவிடுகிறார். எனக்கு நடந்தது அதுதான். அந்த அண்ணன் வந்த பிறகே பூசையில் கேட்ட வார்த்தைகளுக்கு அர்த்தம் வந்தது.

படித்த பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்தியவர் சேராக் சாமியார். பியர் சேராக், பிரான்சில் 1914-ல் பிறந்த சேசு சபைக் குரு, 1937-ல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். 1924-ல் தொடங்கிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்புக்கு, அதாவது 'ஐக்கஃப்'புக்கு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வழிகாட்டியாக இருந்தார். கல்லூரி மாணவர்களைக் குடிசைப் பகுதிகளுக்கும் கிராமங்களுக்கும் கூட்டிக்கொண்டு போய் மண் சுமக்க வைத்தார். சுமந்த மண் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் சுமந்தவர்கள் பிற்பாடு அதிகாரிகளாகவும் பேராசிரியர்களாகவும் ஆனபோது அந்த நாட்களை மறக்கவில்லை. மானாமதுரைப் பக்கம் கிணறு வெட்டும் பணி, பிறகு கம்போடிய அகதி முகாம்கள் என்று போய், 2012-ல் சென்னையில் காலமானார். அவரும் இளைஞர்களைச் சுமை தூக்க வைத்தவர்தான். யாருடைய சுமை என்பதில்தான் எங்கள் நாற்காலிகளுக்கும் அதற்கும் வித்தியாசம்.

ரோமிலிருந்து வந்த கடிதம்

2018 அக்டோபரில் உலக ஆயர்கள் ரோமில் கூடி, இளைஞர்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். 16 முதல் 29 வயது வரை என்று வரையறுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் மார்ச் மாதம் பல நாடுகளிலிருந்து முந்நூறு இளைஞர்களை அழைத்து, அவர்கள் சொன்னதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2019 மார்ச் 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற நீண்ட மடலில் கையெழுத்திட்டார்.

அதில் இருப்பதைப் படித்தால் நம் பங்குகளில் சிலர் அதிர்ந்துபோவார்கள். இளைஞர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளைஞர்களே. பெரியவர்கள் கூட நடந்தால் போதும். உணர்ச்சி பொங்கும் முகாம் ஒன்றை நடத்திவிட்டு, அதன்பின் கோட்பாட்டு வகுப்புகளாகவே அடுக்கினால் பிள்ளைகள் சலித்து ஓடிவிடுவார்கள். திருச்சபையின் போதனை எல்லாவற்றையும் முழுசாக ஏற்றுக்கொண்டவர்கள்தான் வரலாம் என்று கதவைச் சாத்தக் கூடாது. அவர்கள் இஷ்டம்போல வந்து உட்காரவும், பேசவும், பாட்டுக் கேட்கவும் வீடு மாதிரி ஒரு இடம் வேண்டும். வழிகாட்டுபவர் தானும் தவறக்கூடிய மனிதர் என்பதை ஒத்துக்கொள்பவராக இருக்க வேண்டும்.

எம்மாவு என்ற ஊருக்கு இரண்டு சீடர்கள் மனம் உடைந்து நடந்துபோகிற கதையை மடல் உதாரணம் காட்டுகிறது. இயேசு அவர்களோடு சேர்ந்து, அவர்கள் போகிற திசையிலேயே நடக்கிறார். அது எருசலேமை விட்டு விலகிப் போகிற திசை. திரும்புங்கள் என்று முதலிலேயே சொல்லவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்.

உலக இளையோர் நாள் என்ற பெரிய கூடுகையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இரண்டாம் ஜான் பால் தொடங்கிவைத்தது. 1995-ல் மணிலாவில் லட்சக்கணக்கில் கூடினார்கள், 2023-ல் லிஸ்பனில் நடந்தது, அடுத்தது 2027 ஆகஸ்ட்டில் தென்கொரியாவின் சியோலில். போய்வந்தவர்கள் கண் விரியச் சொல்வார்கள். ஆனால் மீஞ்சூர்ப் பக்கத்து ஷிப்ட் பையனுக்கு மூன்று நாள் லீவே கிடைக்காது, பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் அப்புறம். அவனுக்கு ஆகிற மாதிரி ஒன்று உள்ளூரில்தான் இருக்க முடியும்.

முறை வைத்தால் என்ன?

உள்ளூர் என்றதும் இன்னொரு குறையும் நினைவுக்கு வருகிறது. பல குழுக்களில் தலைவர் மாறுவதே இல்லை. இரண்டு குழந்தைக்குத் தகப்பனாகி, காது ஓரம் நரைத்த பிறகும் 'இளைஞர் அணித் தலைவர்' என்று திருவிழா பேனரில் கூலிங் கிளாஸோடு சிரிப்பார். பெண் பிள்ளைகளுக்கோ பூ அலங்காரம், கோலம், வரவேற்பு நடனம். வரவு செலவுக் கணக்கைக் கையில் கொடுப்பது அபூர்வம். மீன் வியாபாரத்தில் கணக்கு வழக்கு முழுக்கப் பெண்கள் கையில் இருக்கிற கரையில் இது வேடிக்கைதான்.

மூன்று குப்பங்கள் கூடி ஏரியையே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. நல்ல இடம் ஒருவனுக்கே நிரந்தரம் இல்லை, மோசமான இடமும் ஒருவனுக்கே நிரந்தரம் இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொறுப்பை முறை வைத்துக்கொள்வதைக் கற்றுத்தர ரோமிலிருந்து ஆள் வர வேண்டாம். தாத்தாவைக் கேட்டால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கோயில் குழுவுக்குத்தானே போகிறது என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். எந்தக் குழுவானாலும் பொறுப்பில் இருக்கும் பெரியவர் யார், கூட்டம் திறந்த இடத்தில் நடக்கிறதா, வெளியூர் முகாம் என்றால் பெண் பிள்ளைகளோடு அருட்சகோதரியோ வேறு பெண்களோ தங்குகிறார்களா, ராத்திரி தனித்தனியாக மெசேஜ் அனுப்பும் பழக்கம் யாருக்காவது இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். உலகத்தின் பல இடங்களில் திருச்சபை இதில் தவறியது, மூடி மறைத்தது, பிறகு தலைகுனிந்தது. 2019 மே மாதம் வந்த திருத்தந்தையின் ஆணை, குருக்களும் துறவியரும் இப்படிப்பட்ட குற்றம் தெரியவந்தால் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. நம் நாட்டின் போக்சோ சட்டம் 2012-லிருந்தே இருக்கிறது. அதன்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. இதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கிற பங்கு நல்ல பங்கு.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் மனதில் ஓடியது. மீனவர்களுக்கு விளக்கமே தேவைப்படாத அதிகாரம். பேதுருவும் மற்றவர்களும் ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் வருகிறார்கள். சில நாள் முன்பு ஆபத்து நேரத்தில் அவரை விட்டு ஓடியவர்கள், தெரியாது என்று சொன்னவர்கள். கரையில் கரி நெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் ரொட்டி. முதலில் சாப்பிட வாருங்கள் என்கிறார். பேதுருவிடம் கேட்க வேண்டிய பெரிய கேள்வியைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் கேட்கிறார்.

எங்கள் பழைய பங்குக்கு இப்போது புதுச் சாமியார் வந்திருக்கிறார். தேர் தூக்கப் புதுப் பையன்கள் வந்துவிட்டார்கள். கீபோர்டு அண்ணனுக்கு முடி கொட்டிவிட்டது, இன்னும் வாசிக்கிறார். இந்தக் கட்டுரைக்காக ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு போன் செய்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று மெல்லிய குரலில் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள்தான் காரணம் தெரிந்தது. மூன்று ஞாயிறாகப் பாட்டுக்கு வராத ஒரு பெண்ணின் வீட்டு வாசற்படியில், அவரும் அண்ணியும் அப்போது உட்கார்ந்திருந்தார்களாம்.